ஆண் திருக்கைக்குப் பருவம் எங்கே தெரியும்? குமரிக் கரையில் பார்க்கத் தொடங்குவோருக்கு

ஏலக்கூடத்தில் கிடக்கும் திருக்கையை மல்லாத்திப் போட்டால் ஆணா பெண்ணா என்று சொல்ல ஒரு நொடி போதும். வாலடியில், இடுப்புத் துடுப்புகளின் உள்ளோரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக உருளை போன்ற இரண்டு நீட்சிகள் தெரிந்தால் ஆண். பாடப்புத்தகம் இதைப் பற்றுறுப்பு என்கிறது, விலங்கியல் துறையில் கிளாஸ்பர் என்றே சொல்லிப் பழக்கம். இதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை. அந்த நீட்சி தடித்து விறைப்பாக இருப்பதைப் பார்த்ததும் "இனப்பெருக்கக் காலம்" என்று நோட்டில் எழுதுகிறார்களே, அங்கேதான் கணக்குத் தப்புகிறது.

பற்றுறுப்பு சொல்வது வயதை. பருவத்தைச் சொல்வது வயிற்றுக்குள் இருக்கும் விந்தகமும் விந்துப்பையும், சில இனங்களில் வாய்க்குள் இருக்கும் பல்லும். இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம். நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரிகளில் விலங்கியல் படிப்பவர்கள், ராஜாக்கமங்கலத்தில் இருக்கும் பல்கலைக்கழகக் கடல் அறிவியல் மையத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், வெறும் ஆர்வத்தில் துறைமுகத்துக்குப் போகிறவர்கள், எல்லோரையும் நினைத்துத்தான் எழுதுகிறேன்.

மாறுவது எது, மாறாதது எது

குட்டி ஆணின் பற்றுறுப்பு சிறியது. இடுப்புத் துடுப்பின் ஓரத்தைத் தாண்டாது, வளைத்தால் வளையும். முதிர்ச்சிக்கு வரும் நேரத்தில் கிடுகிடுவென நீளும். அப்புறம் உள்ளே இருக்கும் குருத்தெலும்பில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டிப்படும். ஒருமுறை கெட்டிப்பட்டால் கெட்டிப்பட்டதுதான். கூடும் காலம் முடிந்ததும் மறுபடி இளகிவிடாது. ஆகவே வருடம் முழுக்க, எந்த மாதம் போனாலும், விறைத்த பற்றுறுப்போடு ஆண் திருக்கை கிடைத்துக்கொண்டே இருக்கும்.

உள்ளுறுப்புகள் அப்படியில்லை. பருவம் உள்ள இனங்களில் விந்தகம் சில மாதங்கள் பெருத்து, சில மாதங்கள் வற்றிக் கிடக்கும். இதை நன்றாகப் படித்தது அமெரிக்காவின் ஃபுளோரிடாவில். அங்கே உப்பங்கழிகளில் வாழும் ஹைப்பானஸ் சபினஸ் என்ற அட்லாண்டிக் திருக்கையைப் பற்றி 1996-ல் கேரன் மருஸ்கா, டிமோதி டிரைகாஸ் முதலானோர் எழுதினார்கள். அந்த மீன் அக்டோபர் வாக்கில் கூடத் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை கூடிக்கொண்டே இருக்கிறது. பெண்ணுக்குக் கருமுட்டை வெளிவருவதோ மார்ச் கடைசி, ஏப்ரல் வாக்கில்தான். ஆறேழு மாதம் ஆண் ஓயாமல் துரத்துகிறது, முட்டை அதில் கடைசிச் சில வாரங்களில் மட்டும் தயாராகிறது. இது ஏன் இப்படி என்று யோசிக்க ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. நம் வேலைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: விந்தகம் பெருக்கும் மாதமும் விந்துப்பை நிறையும் மாதமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விந்தகத்தில் விந்தணு உருவாகி முடியவே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். அதற்குப் பிறகுதான் அது குழாய் வழியாக இறங்கிக் கீழே சேர்கிறது. விந்தகம் வற்றத் தொடங்கிய பிறகும் விந்துப்பை நிறைந்திருக்கலாம். எனவே இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து எழுத வேண்டும்.

இன்னொன்று, ஃபுளோரிடா மாதங்களைக் குமரிக் கடலுக்கு அப்படியே தூக்கிப் போடாதீர்கள். அங்கே குளிர்காலம் நிஜமான குளிர்காலம். இங்கே கடல்நீரின் சூட்டை ஆட்டிவைப்பது பருவக்காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரையில் அடிநீர் மேலெழுந்து கடல் குளிர்கிறது, இரையும் பெருகுகிறது. வெப்பமண்டலத் திருக்கைகளில் வருடம் முழுக்கக் குட்டி போடுபவையும் உண்டு. உங்கள் மீன் எந்த வகை என்பதை உங்கள் நோட்டுதான் சொல்ல வேண்டும்.

எந்தத் துறைமுகம், எந்த மாதம்

வருட ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மாதம் தவறாமல் மீன் வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் குறுக்கே வந்து நிற்கும். ஆனால் தமிழ்நாட்டில் நம் மாவட்டத்துக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. கிழக்குக் கரைத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அது சின்னமுட்டம் விசைப்படகுகளுக்கு. மேற்குக் கரைத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அது முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக்கு. இரண்டும் 61 நாள். சின்னமுட்டம் மூடிக் கிடக்கும் மே மாதத்தில் குளச்சலுக்குப் போங்கள், குளச்சல் மூடிக் கிடக்கும் ஜூலையில் சின்னமுட்டத்துக்கு வாருங்கள். விசைப்படகு இரண்டு பக்கமும் நிற்பது ஜூன் முதல் தேதியிலிருந்து 14 வரை மட்டும்தான். அப்போதும் வள்ளமும் கட்டுமரமும் கடலுக்குப் போகும். ஆனி, ஆடியில் கடல் அடித்துக்கொண்டு கிடந்தால் அவையும் கரையேறிவிடும், அது வேறு விஷயம்.

இப்படி மாற்றி மாற்றி வாங்கும்போது எந்த மீன் எந்தத் துறையில் வாங்கியது, எந்த வலையில் பட்டது என்று தவறாமல் எழுதுங்கள். இழுவை மடியில் சிறியதும் பெரியதும் கலந்து வரும். திருக்கை வலை பெரிய கண்ணி உள்ளது, அதில் பெரிய மீன்தான் படும். கரையில் நின்று இழுக்கும் கரமடியில் வருவது பெரும்பாலும் பொடிசு. வலையின் குணத்தை மீனின் குணம் என்று நினைத்துவிடக் கூடாது.

மீனின் புதுமை இந்த வேலையில் பெரிய விஷயம். விந்தகம் சீக்கிரம் குழையும் உறுப்பு. சின்னமுட்டத்துப் படகுகள் விடியலில் போய் இரவுக்குள் திரும்புபவை, மீன் ஒரு நாள் மீனாக இருக்கும். குளச்சலில் தங்கல் போட்டு வரும் படகுகளின் மீன் பல நாள் ஐஸில் கிடந்ததாக இருக்கலாம். அதை அளக்கலாம், பல் பார்க்கலாம். வயிற்றுக்குள் உள்ளதை எடைபோட்டு எழுத நம்ப முடியாது. தூத்தூர், வள்ளவிளைக்காரர்கள் ஆழ்கடல் சுறா வேட்டையில் பேர் போனவர்கள்தான், ஆனால் அவர்கள் படகுகளில் பல கொச்சிப் பக்கம் மீனை இறக்குகின்றன. ஊரில் போய் நின்றால் மீன் கிடைக்காது, நல்ல பேச்சு கிடைக்கும்.

துறைமுகத்தில் பழகும் விதம் பற்றி ஒரு வார்த்தை. கேமராவையும் கத்தியையும் தூக்கிக்கொண்டு நேராகப் பெட்டிப் பக்கம் போகாதீர்கள். முதலில் ஏலம் முடியட்டும். கூடை வைத்திருக்கும் அக்காவிடம், "அக்கா, ஆண் திருக்கை மட்டும் வேணும், வெட்டாம முழுசா தாங்க" என்று கேட்டால் எடுத்து வைப்பார்கள். ஆண், பெண் என்று பிரித்து யாரும் கேட்பதில்லை என்பதால் "என்னத்த மக்கா பாக்க?" என்று சிரிப்பும் வரும். காசு கொடுத்து வாங்குங்கள். ஓசியில் பார்க்க வருபவனுக்கு ஒரு மாதம் காட்டுவார்கள், வருடம் முழுக்கக் காட்ட மாட்டார்கள். பெரிய திருக்கையைக் கரையிலேயே துண்டு போடுவார்கள். அந்த வெட்டுகாரரிடம் சொல்லி வைத்தால் குடலோடு உள்ளுறுப்பைத் தருவார்கள், ஆனால் வெட்டுவதற்கு முன் அகலத்தை அளந்து எண் கட்டியிருக்க வேண்டும். எந்த உடம்பின் உறுப்பு என்று தெரியாத விந்தகத்தால் ஒரு பயனும் இல்லை.

ஒரே இனத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஆசைப்பட்டு எல்லாத் திருக்கையையும் பார்க்கக் கிளம்பினால் எதற்கும் மாதக்கணக்கு சேராது. சிறிய, அடிக்கடி வரும் இனம் ஒன்று போதும். உடம்பில் நீலப் புள்ளிகளும் கண்ணைச் சுற்றி முகமூடி கட்டியது போலக் கறுத்த பட்டையும் உள்ள நியோட்ரைகான் இண்டிகா நல்ல தேர்வு. முன்பு குஹ்லி என்ற பெயரில் வேறு கடல்களின் மீன்களோடு சேர்த்து எண்ணப்பட்டு, 2018-ல் தனி இனமாக விவரிக்கப்பட்டது இது. அதனால் பழைய கட்டுரைகளில் குஹ்லி என்று இருந்தால் எந்தக் கடலில் பிடித்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ப்ரெவிட்ரைகான் வகைக் குட்டைத் திருக்கையும் நல்லது, தட்டு, அதாவது சிறகோடு சேர்ந்த உடம்பு, ஒரு சாண் அளவிலேயே முதிர்ந்துவிடும். மலிவு, பையில் நாலைந்து வாங்கி வரலாம்.

உடம்பு முழுக்க முள் மண்டிய திருக்கை, பெரிய உழுவை (கிட்டார் மீன்), ரம்ப மூக்குள்ள வேளா சுறா இவற்றின் பக்கம் போகாதீர்கள். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இவை 2001-லேயே சேர்க்கப்பட்டவை. 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பட்டியல் இன்னும் நீண்டிருக்கிறது. வாங்குவதற்கு முன் உங்கள் இனம் அதில் இல்லை என்று புதுப் பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஆராய்ச்சிக்குத்தானே என்ற சமாதானம் எடுபடாது.

முள்ளை முதலில் கவனியுங்கள்

வாலின் மேல்பக்கம், நடுவுக்குச் சற்று முன்னால், இரு ஓரமும் அரம் போல வெட்டிய முள் இருக்கும். சில மீன்களில் இரண்டு. செத்த மீனின் முள்ளிலும் விஷம் விஷம்தான். கடலிலேயே முள்ளை வெட்டிப் போட்டுவிட்டுத்தான் பலர் கரைக்குக் கொண்டுவருவார்கள், ஆனால் வெட்டியிருப்பார்கள் என்று நம்பிக் கையை விடாதீர்கள். வால் எந்தப் பக்கம் என்று பார்த்து, கனமான கையுறையோடு, தடித்த கத்தரியால் முள்ளை அடியோடு வெட்டி மூடியுள்ள டப்பாவில் போட்டுவிட்டு அப்புறம் மற்ற வேலை.

குத்திவிட்டால், பொறுக்க முடிந்த அளவு சூடான வெந்நீரில், சுமார் 45 டிகிரி, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அந்த இடத்தை முக்கி வைக்க வேண்டும். இந்த விஷம் புரதம், சூட்டில் கெடும், வலி குறையும். வெந்நீர் அதிகமாகிக் கொப்புளம் வராமல் வேறொருவர் கை வைத்துப் பார்க்கட்டும், குத்துப்பட்டவருக்குச் சூடு தெரியாது. முள்ளின் துணுக்கு உள்ளே தங்கும் வாய்ப்பும் டெட்டனஸ் அபாயமும் இருப்பதால் வெந்நீரோடு நிறுத்தாமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்தில் உள்ள மருத்துவரிடமோ போய்விடுங்கள். மார்பிலோ வயிற்றிலோ குத்தி முள் நின்றால் பிடுங்காமல் அப்படியே கொண்டுபோக வேண்டும்.

வெளியே அளப்பது

திருக்கைக்கு மொத்த நீளம் உதவாது, வால் அறுந்தே வரும். தட்டின் அகலத்தை, ஒரு சிறகு நுனியிலிருந்து மறு நுனி வரை, மீனைச் சமதளத்தில் விரித்து அளங்கள். டேப்பை வளைந்த முதுகின் மேல் படியவிட்டால் கூடுதலாகக் காட்டும், அடியில் ஸ்கேல் வைத்து அளப்பது நல்லது. பிறகு எடை.

அடுத்து பற்றுறுப்பு. கழிவும் விந்தும் வெளியேறும் ஒரே துளையான பொதுப்புழையின் ஓரத்திலிருந்து நுனி வரை உள்பக்க நீளத்தை மில்லிமீட்டரில் எடுங்கள். எப்போதும் ஒரே பக்கத்தை அளப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மூன்று சோதனை. ஒன்று, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல அழுத்துவது: உள்ளே கெட்டியாகக் கோல் போல நிற்கிறதா, இளகுகிறதா? இரண்டு, அடியில் பிடித்துத் தலைப்பக்கமாகத் திருப்புவது: முதிர்ந்ததில் அது மூட்டில் சுழன்று முன்னோக்கி வரும், கூடும்போது அப்படித்தான் திரும்புகிறது. மூன்று, நுனியில் மொட்டையான ஊசியால் நெம்பினால் மடிப்பு விரிகிறதா என்று பார்ப்பது. மூன்றுக்கும் ஆமாம் என்றால் முதிர்ந்தது. இளசு, வளர்வது, முதிர்ந்தது என்று மூன்றே வகை போதும், தொடக்கத்தில் அதற்கு மேல் நுணுக்கம் வேண்டாம்.

நுனி சிவந்து, வீங்கி, தோல் உரிந்திருந்தால் அதையும் குறியுங்கள். சமீபத்தில் கூடியதன் அடையாளமாக இருக்கலாம், வலையில் உரசியதாகவும் இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் காயம் என்றால் நான் வலையைத்தான் சந்தேகிப்பேன், ஏனென்றால் திருக்கை கூடும்போது பொதுவாக ஒரு பற்றுறுப்பைத்தான் நுழைக்கிறது.

வாய்க்குள் பாருங்கள்

இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், பலர் தவறவிடுவதும் இதைத்தான். ஆண் திருக்கை பெண்ணின் சிறகை, அதாவது மார்புத் துடுப்பின் பின்னோரத்தைக் கடித்துப் பிடித்துக்கொண்டுதான் கூடுகிறது. நண்டும் சிப்பியும் நொறுக்குவதற்கு ஏற்ற தட்டைப் பல்லால் வழுக்கும் தோலைப் பிடிக்க முடியாது. ஃபுளோரிடா திருக்கையில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு என்று ஸ்டீபன் கஜியுராவும் டிமோதி டிரைகாஸும் 1996-ல் காட்டினார்கள். பெண்ணுக்கு வருடம் முழுக்கத் தட்டைப் பல். ஆணுக்குச் சாதாரண நாளில் பெண்ணைப் போலவே தட்டைப் பல், கூடும் காலம் நெருங்கும்போது உள்நோக்கி வளைந்த கூரான பல். திருக்கைக்குப் பல் வரிசை வரிசையாகப் பின்னாலிருந்து முளைத்து முன்னால் நகர்ந்து உதிர்ந்துகொண்டே இருப்பதால் இது சாத்தியமாகிறது. பருவம் வரும்போது புதிதாக முளைப்பது கூராக முளைக்கிறது, பருவம் போனதும் மறுபடி தட்டை.

உங்கள் மீனில் பார்ப்பது எளிது. வாய் அடிப்பக்கம் இருக்கிறது. கையுறை போட்ட விரலைத் தாடையில் உள்ளிருந்து வெளியே இழுத்தால், கூர்ப்பல் என்றால் துணியில் கொக்கி மாட்டுவது போல மாட்டும். தட்டை என்றால் வழுக்கிக்கொண்டு வரும். அப்புறம் பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸில், மேல்தாடையின் நடு வரிசைகளைப் பாருங்கள். நோட்டில் 'த' அல்லது 'கூ' என்று எழுதுங்கள். முன் வரிசை தட்டையாகவும் பின் வரிசை கூராகவும் இருந்தால் 'த-கூ', அது மாறிக்கொண்டிருக்கும் மீன். பின்னால் முளைப்பதுதான் வரப்போகும் நிலை என்பதால் இந்தக் குறிப்புக்கு மதிப்பு அதிகம். எல்லாத் திருக்கை இனத்திலும் பல் இப்படி மாறும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதிர்ந்த ஆணுக்கு நிரந்தரமாகவே கூர்ப்பல் உள்ள இனங்களும் இருக்கின்றன. மாதம் தவறாமல் பார்த்தால் உங்கள் மீன் எது என்று தெரிந்துவிடும்.

தாடையை எடுத்து வைக்க விரும்பினால் வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டுப் பழைய பல்துலக்கியால் சதையைத் தேய்த்து நிழலில் காயவைக்கலாம். கொதிக்கவிட்டால் பற்களைப் பிடித்திருக்கும் சவ்வு கரைந்து எல்லாம் கொட்டிவிடும்.

பெண் திருக்கையை வாங்காவிட்டாலும் ஏலக்கூடத்தில் அதன் சிறகோரத்தைப் பாருங்கள். வளைந்த வரிசையாகச் சிறு கீறல்கள், அதில் சிவப்பு மாறாதவை, தழும்பானவை என்று இரண்டு விதம் தெரியும். புதுக் காயம் தெரியும் மாதங்களை ஆணின் பல் குறிப்போடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காசு செலவில்லாத சான்று.

வயிற்றைத் திறப்பது

மல்லாத்திப் போட்ட மீனில், பொதுப்புழைக்கு முன்னால் தொடங்கி, கத்தரியின் மொட்டை முனையை உள்ளே வைத்து, ஓரமாக முன்னோக்கி வெட்டிக்கொண்டு போய் வயிற்றுச் சுவரைக் கதவு போலத் திறங்கள். ஆழமாகக் குத்தினால் குடல் கிழிந்து எல்லாம் கலங்கிவிடும். முதலில் கண்ணில் படுவது ஈரல். பெரியது, எண்ணெய்ப் பசையானது, நிறம் மீனுக்கு மீன் மாறும். அதை முழுதாக எடுத்துத் தனியாக வையுங்கள், பின்னால் நிறுக்க வேண்டும். அடுத்து இரைப்பை, சுருள்குடல். அவற்றையும் எடுத்தால் முதுகுப் பக்கச் சுவரில், முன்புறமாக, முதுகெலும்பின் இரு பக்கமும் விந்தகங்கள் தெரியும்.

இங்கே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. விந்தகம் தனியாகத் தொங்காது. எபிகோனல் உறுப்பு என்று வெளிறிய ஒரு திசுவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அது இரத்த அணுக்களை உண்டாக்கும் திசு, சுறா, திருக்கைக் கூட்டத்துக்கே உரியது. கூடும் காலத்தில் விந்தகம் உப்பி, மேற்பரப்பில் மடல் மடலாகப் புடைத்து, வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும், எபிகோனல் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். ஓய்வுக் காலத்தில் புடைப்பு அடங்கி, விந்தகம் தட்டையாகி, எபிகோனலே பெரிதாகத் தெரியும். புதியவர் அதையே விந்தகம் என்று நிறுத்துவிடுவார். விரலால் தடவிப் பாருங்கள்: மடல்களின் மேடு பள்ளம் தட்டுப்படும் பகுதிதான் விந்தகம், வழவழவென ஒரே சீராக இருப்பது எபிகோனல். சந்தேகம் இருந்தால் குறுக்கே ஒரு வெட்டு, லென்ஸில் மடல்களின் வட்டங்கள் தெரியும். அந்த மடல் ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் புதுச் செல்கள் பிறந்து நகர்ந்துகொண்டே முதிர்கின்றன.

விந்தகத்திலிருந்து நுண்குழாய்கள் வழியாக விந்தணு எபிடிடிமிஸ் என்ற நீண்ட குழாய்க்கு வருகிறது. முதிர்ந்த ஆணில் இது இடியாப்பம் பிழிந்து வைத்தது போல நெருக்கமாகச் சுருண்டிருக்கும். இளசில் நேரான மெல்லிய நூல். சுருள் ஒருமுறை வந்தால் தங்கிவிடும், ஆனால் பருவத்தில் பருத்து வெளுத்தும் பருவம் தாண்டி மெலிந்தும் தெரியும். அதன் பக்கத்தில் இருக்கும் லெய்டிக் சுரப்பி சிறுநீரகத்தின் முன்பகுதி மாறி உருவானது, விந்தணுவோடு கலக்கும் நீரைச் சுரப்பது. இன்னும் பின்னால், பொதுப்புழைக்கு அருகே குழாய் அகன்று விந்துப்பையாகிறது.

விந்துப்பைதான் "இப்போது" என்ன நடக்கிறது என்று சொல்லும் இடம். அகலத்தை அளங்கள். பிறகு முன்னாலிருந்து பின்னால் மெல்ல நீவிவிட்டு, பொதுப்புழைக்குள் இருக்கும் சிறு முளையில் என்ன வருகிறது என்று பாருங்கள். பால் போலக் கெட்டியாக வந்தால் நிறைந்தது. நீர்த்து, கலங்கலாக வந்தால் காலியாகிக்கொண்டிருப்பது அல்லது நிறையத் தொடங்குவது. ஒன்றும் வராவிட்டால் ஓய்வு. ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வடிகட்டிய கடல்நீரோடு வைத்து 400 மடங்கில் பார்த்தால், தலை திருகாணி போல முறுக்கிய விந்தணுக்கள் தெரியும். ஐஸ் மீனில் அசைவு இருக்காது, அதனால் கவலையில்லை, வடிவம் போதும். வெள்ளையாக வந்ததெல்லாம் விந்து அல்ல, அழுகத் தொடங்கிய திசுவும் அப்படி வரும். முறுக்குத் தலையைக் கண்ணால் பார்த்த பிறகே "நிறைந்தது" என்று எழுதுங்கள்.

நிறுப்பது

இரண்டு விந்தகத்தையும் எபிகோனல் நீக்கி, ஈரம் ஒற்றி எடுத்து, 0.01 கிராம் காட்டும் தராசில் தனித்தனியாக நிறுங்கள். சில இனங்களில் இடது பெரிதாக இருக்கும், சேர்த்து நிறுத்தால் அது மறைந்துவிடும். பிறகு விந்தக எடையை உடல் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பது இனப்பெருக்கக் குறியீடு. உடல் எடை என்று குடலும் ஈரலும் எடுத்த எடையை வைத்துக்கொள்வது நல்லது. அன்று காலை வயிறு முட்ட நண்டு தின்ற மீனின் குறியீடு வீணாகக் குறையக் கூடாது. குடல் எடுத்த எடை 640 கிராம், இரு விந்தகமும் சேர்ந்து 5.1 கிராம் என்றால் குறியீடு 0.8. ஈரலுக்கும் இதே கணக்குப் போடுங்கள். சேமித்த கொழுப்பு எந்த மாதம் கரைகிறது என்று அதில் தெரியும்.

திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்க்கும் வசதி உங்கள் கல்லூரியில் இருந்தால், விந்தகத்தின் நடுப்பகுதியிலிருந்து அரை சென்டிமீட்டர் தடிமனில் ஒரு துண்டை 10 சதவீத ஃபார்மலினில் போடுங்கள். தடித்த துண்டில் மருந்து உள்ளே இறங்குவதற்குள் நடு அழுகிவிடும். ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்துத் துண்டு வேண்டும். பென்சிலில் எழுதிய சீட்டை உள்ளேயே போடுங்கள், பேனா மை ஓடிவிடும். ஃபார்மலின் காற்றோட்டம் உள்ள அறையில், கண்ணாடியும் கையுறையும் போட்டுக் கையாள வேண்டியது, பயன்படுத்தியதைக் கல்லூரி ஆய்வகத்தின் கழிவுக் கொள்கலனில் சேர்க்க வேண்டும்.

மருந்து படாத, ஐஸில் வைத்த சதை இருக்கிறதே, அதை வீணாக்க வேண்டியதில்லை. திருக்கைப் புட்டுக்கு அருமையான மீன். அறுத்த அன்றே சமைத்துவிடுங்கள், திருக்கைச் சதையில் உள்ள யூரியா அம்மோனியாவாக மாறி அடுத்த நாள் வீடே நாறும்.

மாதங்களை வரிசையாக வைப்பது

மாதத்துக்குப் பத்து முதிர்ந்த ஆண் கிடைத்தால் நல்ல கணக்கு. கிடைக்காத மாதமும் ஒரு தகவல்தான், திருக்கைகளில் ஆணும் பெண்ணும் பிரிந்து வேறு வேறு இடத்தில் மேய்வது உண்டு. "வந்தது 30, எல்லாம் பெண்" என்றால் அப்படியே எழுதுங்கள்.

வரைபடம் போடுவதற்கு முன் இளசுகளையும் வளர்பவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். பற்றுறுப்புச் சோதனை உதவுவது இங்கேதான். வலையில் குட்டிகள் அதிகம் பட்ட மாதத்தில் சராசரி தானாகக் கீழே போகும், பருவம் முடிந்துவிட்டது என்று தோன்றும். முதிர்ந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, விந்தகக் குறியீடு ஒரு கோடு, விந்துப்பை நிறைந்தவற்றின் பங்கு ஒரு கோடு, 'கூ' பல் உள்ளவற்றின் பங்கு ஒரு கோடு என்று ஒரே தாளில் போடுங்கள். பருவம் உள்ள இனம் என்றால் விந்தகக் கோடு முதலில் ஏறும், விந்துப்பைக் கோடு அதன் பின்னால் வரும். மூன்று கோடும் வருடம் முழுக்கத் தட்டையாகவே ஓடினால் வேலை வீணாகிவிடவில்லை, அந்த மீனுக்கு இந்தக் கடலில் தனிப் பருவம் இல்லை என்று அர்த்தம். ஒரு வருடத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பருவக்காற்று முந்துவதும் பிந்துவதும் நமக்குத் தெரிந்ததுதானே, இரண்டாவது வருடமும் அதே மாதத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள்.

சின்னமுட்டத்து மீனுக்கு ஒரு நிறப் புள்ளி, குளச்சல் மீனுக்கு வேறு நிறப் புள்ளி. ஒரே மாதத்தில் இரண்டு துறையிலும் மீன் கிடைக்கும் காலங்களில், உதாரணமாக ஆகஸ்ட் முதல் மார்ச் வரை, இரண்டு நிறமும் ஒரே உயரத்தில் விழுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். விழுந்தால் தடைக்காலத்தில் ஒன்றைக் கொண்டு மற்றதை நிரப்பலாம். விழாவிட்டால் இரண்டையும் தனித்தனிக் கோடாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் அந்தத் துறையின் தடைக்காலத்துக்கான இடத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள்.